தொப்பி போட்ட காவலர்கள்: டெத் வாலியில் சட்டமும் உயிர்காப்பும்

சென்ற கோடையில் நாங்கள் மூன்று குடும்பங்கள் இரண்டு வான்களில் லொஸ் ஏஞ்சல்சிலிருந்து லஸ் வேகசுக்குப் புறப்பட்டோம். போகும் வழியில் 'மரணப் பள்ளத்தாக்கு' என்று பொருள்படும் டெத் வாலியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது பிள்ளைகளின் ஆசை. உள்ளே போய்ச் சிறிது தூரத்தில் ஒரு வானின் இயந்திரம் கொதித்துவிட்டது. தெருவோரத்தில் நிறுத்திவிட்டு நின்றோம். பத்து நிமிடத்தில் வெள்ளை நிற வாகனம் ஒன்று எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. சாம்பல் நிறச் சேட்டு, பச்சைக் களிசான், அகன்ற விளிம்பு வைத்த தொப்பி, இடுப்பில் துவக்கு.

எங்களோடு வந்த பெரியப்பாவின் முகம் மாறிவிட்டது. "தம்பி, எல்லாரிட்டையும் ஐ.சி. இருக்கோ? கெதியா எடுங்கோ" என்றபடி சட்டைப்பைக்குள் கையை விட்டார். அவர் ஐ.சி. வைத்திருந்த நாடும் காலமும் வேறு. ஆனால் கை அதை மறக்கவில்லை.

வந்தவர் அடையாள அட்டை எதையும் கேட்கவில்லை. "உங்களிடம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?" என்பதுதான் அவருடைய முதற்கேள்வி. பதினொரு பேருக்கு மூன்று போத்தல் தண்ணீரும் ஒரு பெட்டி புளிச்சாதமும் என்று சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

அந்தத் தொப்பிக்காரர் யார்? பொலிசா, தீயணைப்புப் படையா, வைத்திய உதவியாளரா? இந்த நாட்டுக்குப் புதிதாக வந்து, கார் ஓட்டப் பழகி, விடுமுறைக்குத் தூர இடம் போகத் தொடங்கியிருக்கும் எம்மவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. அதனாலேயே இக்கட்டுரை.

ஒருவருக்கே நான்கு வேலை

டெத் வாலி 1933இல் தேசிய நினைவிடமாகவும், 1994 ஒக்டோபர் 31இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. பரப்பளவு சுமார் 34 லட்சம் ஏக்கர். எமது வட மாகாணம் முழுவதையும் உள்ளே வைத்தாலும் இன்னும் இடம் மிஞ்சும். பெரும்பகுதி கலிபோர்னியாவிலும் ஒரு சிறு துண்டு நெவாடாவிலும் இருக்கிறது. பட்வாட்டர் என்னும் இடம் கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கிறது. ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போகிறார்கள்.

இவ்வளவு பெரிய நிலத்தில் ஒழுங்கையும் உயிரையும் காப்பவர்கள் றேஞ்சர்கள். எல்லா றேஞ்சர்களும் ஒரே வகையினர் அல்லர். பிள்ளைகளுக்குக் கல்லையும் மிருகத்தையும் பற்றி விளக்கம் சொல்பவர்கள் ஒரு பிரிவு. துவக்கும் பட்ஜும் தரித்தவர்கள் மற்றப் பிரிவு. இவர்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் உண்டு. 1976இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் இந்த அதிகாரத்தைத் தெளிவாக வரையறுத்தது. ஜோர்ஜியா மாநிலத்தில் கிளின்கோ என்ற இடத்திலுள்ள மத்திய அரசின் பயிற்சிக் கல்லூரியில் இவர்கள் பயில்கிறார்கள். பலர் அவசர மருத்துவப் பயிற்சியும் பெற்றவர்கள். எனவே வேகமாக ஓடுபவருக்கு ரிக்கற் எழுதுவதும், மயங்கி விழுந்தவருக்குச் சேலைன் ஏற்றுவதும், காணாமற் போனவரைத் தேடுவதும் சில நாட்களில் ஒரே ஆளின் வேலையாகிவிடுகிறது.

இவர்களுக்கு மேலே தலைமை றேஞ்சர் ஒருவர் இருப்பார். சட்டப் பாதுகாப்பு, அவசர மருத்துவம், தேடுதலும் மீட்பும் ஆகியவை அவர் பொறுப்பு. ஆனால் அவர் தனித்து இயங்க முடியாது. மாவட்ட ஷெரிப், நெடுஞ்சாலைப் பொலிஸ், தன்னார்வ மீட்புக் குழுக்கள், பக்கத்திலுள்ள கடற்படைத் தளம் என்று பலரும் வந்து சேரும்போது, யார் கட்டளை இடுவது என்ற குழப்பம் வந்தால் உயிர் போய்விடும். 1970இல் கலிபோர்னியாவில் பரவிய பெருந் தீக்களின்போது இந்தக் குழப்பம் நேர்ந்தது. அதிலிருந்து பிறந்ததுதான், எந்தச் சீருடை வந்தாலும் ஒரே தலைமையின் கீழ் வேலை செய்யும் இன்றைய முறை.

ஹெலிகொப்ரர் வராத நாள்

1913 ஜூலை 10ஆம் திகதி இங்கு பதிவான 134 பாகை பரனைட், அதாவது 56.7 செல்சியஸ், இன்றும் உலகச் சாதனையாகக் கொள்ளப்படுகிறது. 1972இல் நிலத்தின் மேற்பரப்பு 201 பாகை வரை சூடேறியது. தண்ணீர் கொதிப்பதற்கு இன்னும் 11 பாகைதான் பாக்கி.

இந்த நாட்டில் ஆபத்து என்றால் ஹெலிகொப்ரர் வந்துவிடும் என்று நாம் தொலைக்காட்சியில் பார்த்து நம்பியிருக்கிறோம். வெப்பம் ஏறும்போது காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் சுழலும் இறக்கைக்குத் தூக்கும் பலம் குறைகிறது. 120 பாகைக்கு மேல் போனால் மருத்துவ ஹெலிகொப்ரர்கள் பொதுவாக இங்கு பறப்பதில்லை.

2024 ஜூலை 6ஆம் திகதி 128 பாகை வெயிலில் ஆறு பேர் மோட்டார் சைக்கிள்களில் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வெப்பத்தால் இறந்தார். இன்னொருவர் லஸ் வேகஸ் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அன்று ஹெலிகொப்ரர் வர முடியவில்லை. ஓடும்போது காற்றுப்பட்டால் குளிரும் என்று நாம் நினைப்போம். உடம்பின் சூட்டை விடச் சூடான காற்று குளிர்விப்பதில்லை, மேலும் சுடுகிறது.

அதே மாதம் மணற் குன்றுகளில் நடந்த பெல்ஜிய நாட்டுப் பயணி ஒருவரின் செருப்பு தொலைந்துவிட்டது. வெப்பம் 123 பாகை அளவில் இருந்தது. பாதம் இரண்டும் வெந்துவிட்டன. அங்கே ஹெலிகொப்ரர் இறங்க முடியாதென்பதால் றேஞ்சர்கள் அவரை அம்புலன்சில் ஏற்றி, சற்று உயரமான, 109 பாகை வெப்பமுள்ள இடத்துக்குக் கொண்டு போய், அங்கிருந்துதான் ஹெலிகொப்ரரில் அனுப்பினார்கள். 109 பாகை 'குளிர்ச்சியான இடம்' ஆகிவிட்ட கதை இது.

மீட்கப் போகிறவர்களும் அதே வெயிலில்தான் நடக்க வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒருவரைக் காப்பாற்ற எத்தனை பேரை எந்த நேரத்தில் அனுப்புவது என்பது தலைமையில் இருப்பவர் எடுக்க வேண்டிய முடிவு. அந்த வாய்ப்பு வராமற் பார்ப்பதே பூங்காவின் பெரிய வேலை.

வானை விட்டு நடந்தவர்கள்

1996 ஜூலையில் ஜேர்மனியிலிருந்து சுற்றுலா வந்த இரு பெரியவர்களும் இரு சிறுவர்களும் வாடகை வான் ஒன்றில் இப்பூங்காவுக்குள் போனார்கள். திரும்பவில்லை. மூன்று மாதத்தின் பின், ஒக்டோபரில், சட்டவிரோதப் போதைமருந்துத் தயாரிப்பிடங்களைத் தேடி ஹெலிகொப்ரரில் பறந்த றேஞ்சர் ஒருவரின் கண்ணில் அந்த வான் பட்டது. பாதையே இல்லாத ஒரு பள்ளத்தாக்கில், மூன்று ரயர்கள் காற்றுப் போய், நின்றது. பெருந் தேடுதல் நடந்தும் ஒருவரும் கிடைக்கவில்லை. 13 ஆண்டுகள் கழித்து, 2009இல், தாமாகவே தேடிச் சென்ற தன்னார்வத் தொண்டர் இருவர் வானிலிருந்து பல மைல் தெற்கே எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். தெற்கே இராணுவத் தளம் இருக்கிறது, அங்கே காவல் இருக்கும், உதவி கிடைக்கும் என்று நம்பி அவர்கள் நடந்திருக்கலாம் என்பது தேடியவர்களின் கணிப்பு. படத்தில் கோடாகத் தெரியும் எல்லையில் ஆட்கள் நிற்பார்கள் என்பது மற்ற நாடுகளின் பழக்கம். இங்கே அந்தக் கோடு வெறும் பாலைவனம்.

2009 ஓகஸ்டில் ஒரு தாயும் சிறு மகனும் வழிகாட்டும் கருவி காட்டிய மண் பாதையில் போய் மணலில் புதைந்தார்கள். பல நாட்களின் பின் றேஞ்சர் ஒருவர் கண்டபோது தாய் உயிரோடு இருந்தார். பிள்ளை இறந்துவிட்டது. இத்தகைய சாவுகளுக்கு இங்குள்ள றேஞ்சர்கள் 'ஜி.பி.எஸ். மரணம்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

வெயில் மட்டுமா? 2022 ஓகஸ்ட் 5ஆம் திகதி 1.46 அங்குல மழை பெய்தது. நமக்கு அது ஒரு தூறல். அந்த மண்ணுக்கு அது ஓர் ஆண்டு மழையின் பெரும்பங்கு. தெருக்கள் மூடுண்டு சுமார் 1,000 பேர் உள்ளே அகப்பட்டார்கள், சுமார் 60 கார்கள் சேற்றில் புதைந்தன. இதையெல்லாம் விட, இந்தப் பூங்காவில் ஆட்களை அதிகம் கொல்வது எது தெரியுமா? வேறெந்த வாகனமும் மோதாமல் தனியொரு கார் வேகத்தில் தடம் புரளும் விபத்துத்தான்.

சட்டமும் உண்டு

2016 ஏப்ரல் 30ஆம் திகதி இரவு மூன்று ஆண்கள் குடிவெறியில் டெவில்ஸ் ஹோல் என்ற சுனையின் வேலியைத் தாண்டினார்கள். வாயிற்கதவின் பூட்டைத் துவக்கால் சுட்டு, ஒருவர் நீரிலும் இறங்கினார். உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு மீனினம் அந்தச் சுனையில் மட்டுமே வாழ்கிறது. ஒரு மீன் செத்தது. கமராவில் பதிவான படத்தைக் கொண்டு மூவரும் கண்டுபிடிக்கப்பட்டனர். நீரில் இறங்கியவருக்கு 2018இல் 12 மாதமும் ஒரு நாளும் சிறை கிடைத்தது.

நம்மவர்கள் இப்படிச் செய்யப் போவதில்லை. ஆனால் பிள்ளை ஆசைப்பட்டது என்று ஒரு வடிவான கல்லைக் காரில் போடுவதும், தெருவை விட்டு விலகி மண்ணில் வாகனம் ஓட்டுவதும், ட்ரோன் பறக்க விடுவதும் கூடக் குற்றங்களே. பூங்கா விதிகளை மீறினால் 6 மாதச் சிறையும் 5,000 டொலர் தண்டமும் வரை போகலாம். வழக்கு மத்திய அரசின் நீதிமன்றத்தில் நடக்கும். சிறு பிழைக்கு இவ்வளவு விதிப்பதில்லை என்றாலும், அகதி விண்ணப்பமோ பிரசாவுரிமை விண்ணப்பமோ நிலுவையில் உள்ளவர்கள் எந்த ரிக்கற்றையும் அலட்சியம் செய்து குப்பையில் போடக் கூடாது.

பெரியப்பாவின் கை

மீண்டும் எங்கள் கதைக்கு வருவோம். பெரியப்பா சட்டைப்பைக்குள் கையை விட்டபோது அந்த றேஞ்சர் ஒரு கணம் நின்று, "கையை வெளியே எடுங்கள், ஐயா" என்று அமைதியாகச் சொன்னார். எங்கள் மகள் மொழிபெயர்த்தாள். கேட்கும் முன்பே அட்டையை எடுத்து நீட்டுவது எங்கள் ஊரில் உயிரைக் காத்த பழக்கம். இங்கே அதுவே ஆபத்தாகலாம், எடுப்பது அட்டையா ஆயுதமா என்று அவருக்குத் தெரியாது. பொலிசாரோ றேஞ்சரோ மறித்தால் கைகளைத் தெரியும்படி, ஓட்டுபவர் ஸ்ரியரிங்கில் வைத்தபடி, இருங்கள். கேட்ட பிறகு, "எடுக்கப் போகிறேன்" என்று சொல்லி மெதுவாக எடுங்கள்.

இன்னும் சில விடயங்களை அவர் எங்களுக்குச் சொன்னார், சிலவற்றை நாங்கள் பின்னர் அறிந்தோம். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கலன், ஏறக்குறைய 4 லீற்றர், தண்ணீர் வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல் உப்புள்ள ஏதாவது சாப்பிட வேண்டும், நம் மிக்சர் அதற்கு நன்று. கோடையில் காலை 10 மணிக்குப் பிறகு தாழ்ந்த இடங்களில் நடக்கக் கூடாது. தார்த் தெருவை விட்டு இறங்கக் கூடாது. கைத்தொலைபேசி பெரும்பாலான இடங்களில் வேலை செய்யாது, ஆகவே எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் இருப்பவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். வாகனம் பழுதானால் அதனோடே இருங்கள். மேலிருந்து தேடுபவருக்கு ஆளை விடக் கார் எளிதில் தெரியும். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வந்தால் நிழலுக்குப் போய் உடம்பை நனையுங்கள். பேச்சுத் தடுமாறினால் உடனே 911 அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் 'தமிழ்' என்ற ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், பல நிலையங்களில் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

"கூப்பிட்டால் காசு கேட்பார்களே" என்று தயங்குபவர்களும் எம்மிடையே உண்டு. தேசியப் பூங்காக்களில் தேடுதலுக்கும் மீட்புக்கும் பொதுவாகக் கட்டணம் அறவிடுவதில்லை. வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் அம்புலன்சுக்கும் ஹெலிகொப்ரருக்கும் பில் வரக்கூடும். பில்லைத் தவணையில் கட்டலாம்.

வானின் சூடு தணியும்வரை அந்த றேஞ்சர் எங்களோடு நின்றார். தன் வாகனத்திலிருந்து ஒரு பெட்டி தண்ணீரை இறக்கித் தந்தார். புறப்படும்போது பெரியப்பா அவருக்குக் கைகூப்பினார், அவரும் தொப்பியைத் தொட்டார். லஸ் வேகஸ் போய்ச் சேரும்வரை பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும் சொன்னார்: "துவக்கு வைச்சிருக்கிறவன் தண்ணி தந்ததை நான் இண்டைக்குத்தான் பார்த்தனான்."