எலும்பின் பிணியும் ஏட்டின் கணக்கும்

ஒரு நாட்டின் நெல் விளைச்சலை மூட்டைக் கணக்கில் அறியலாம். அதன் மருத்துவ ஆராய்ச்சியின் விளைச்சலை எங்ஙனம் அறிவது? குழந்தையின் கால் வளையும் ரிக்கெட்ஸ், பெரியோரின் எலும்பு மென்மையுறும் ஆஸ்டியோமலேசியா, முதுமையில் எலும்பு நொய்ந்து முறியும் ஆஸ்டியோபொரோசிஸ் ஆகிய பிணிகள் கடல் கடந்து வாழும் நம் இல்லங்களையும் விட்டு வைப்பதில்லை. ஆதலின் இவ்வினா நமக்கும் உரியதே.

ஏட்டை எண்ணால் அளக்கும் கலை தமிழருக்கு அயலானதன்று. சீர்காழியில் 1892-ல் தோன்றிய நூலக மேதை எஸ். ஆர். இரங்கநாதன், நூலகப் பணிகளைக் கணித முறையால் அளத்தல் வேண்டும் என்று 1948-ல் எடுத்துரைத்து, அதற்கு 'லைப்ராமெட்ரி' எனப் பெயருமிட்டார். பின்னர் 1960-களில் அமெரிக்க அறிஞர் யூஜீன் கார்பீல்டு, எந்தக் கட்டுரையை எவரெவர் எடுத்தாண்டனர் என்று காட்டும் அட்டவணையை வெளியிடலானார். இன்று ஒரு நாட்டின் எலும்பு நோய் ஆராய்ச்சியை அளப்போர், கட்டுரைகள் எத்தனை, எவ்வூரில் எழுந்தவை, எத்தனை முறை எடுத்தாளப்பட்டவை என்றே கணக்கிடுகின்றனர். எந்த நோய் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்பதை இக்கணக்கு காட்டும். ஆயினும் அட்டவணையில் இடம்பெறாத உள்நாட்டு இதழ்கள் இதில் விடுபட்டுப் போகும். மேலும், ஒரு கட்டுரை எத்தனை வீடுகளுக்குப் பயன்பட்டது என்பதை இவ்வெண்கள் உரைப்பதில்லை.

இதற்குத் திருப்பதியே சான்று. 2022-ல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இந்நகரில், தேவஸ்தானத்தின் ஆதரவில் எழுந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம் இயங்குகிறது. அங்கே மருத்துவர் சி. வி. ஹரிநாராயணும் அவர்தம் குழுவினரும் நகரத்தார் 943 பேரையும் கிராமத்தார் 205 பேரையும் ஆராய்ந்து, 2007-ல் அமெரிக்க ஊட்டச்சத்து இதழொன்றில் முடிவுகளை வெளியிட்டனர். ஆராயப்பட்டோர் நோயாளிகள் அல்லர்; நலமுடன் நடமாடியவர்கள். ஆயினும் வயது வந்தோருள் வைட்டமின் டி குறைந்திருந்தோர், கிராமத்து ஆடவரில் 44 விழுக்காடு, பெண்டிரில் 70 விழுக்காடு. நகரத்து ஆடவரில் 62 விழுக்காடு, பெண்டிரில் 75 விழுக்காடு! உணவில் சுண்ணாம்புச் சத்து குறைவு; அச்சத்தை உடலில் சேரவொட்டாது தடுக்கும் பைட்டேட் என்னும் தானியப் பொருளோ மிகுதி.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத திருப்பதியிலேயே நிலைமை இதுவாயின், குளிர்நாடுகளில் வாழும் நம்மவர் நிலை யாது? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குடியேறிய பாகிஸ்தானியரிடையே ரிக்கெட்ஸும் ஆஸ்டியோமலேசியாவும் தோன்றியதை அந்நாட்டு மருத்துவர்கள் 1962-லேயே எழுதி வைத்தனர். சூரிய ஒளி தோலிற் படும்போதே உடல் வைட்டமின் டியைப் பெரிதும் ஆக்கிக் கொள்கிறது. கருமை மிக்க தோலுக்கு அதிக நேர வெயில் வேண்டும். நெடிய பனிக்காலமும், உடலை மூடிய ஆடையும், வீட்டுக்குள்ளேயே கழியும் நாட்களும் அதனைத் தடுத்துவிடுகின்றன.

கணக்கேட்டில் திருப்பதி ஆய்வு ஒரே ஒரு கட்டுரைதான். ஆனால் அது பிறநாட்டார் உடலை அளந்த அளவைக் கடன் வாங்காமல், நம் மண்ணின் சோற்றையும் வெயிலையும் நம்மவர் குருதியையும் நேரே அளந்தது. 'வெயில் உள்ள நாட்டில் இக்குறை இராது' என்ற எண்ணத்தையும் அசைத்தது. ஆராய்ச்சியின் எடையை அறிய விழைவோர் எண்ணிக்கையோடு இதனையும் கருதுதல் வேண்டும்.

வீட்டிலுள்ள அன்னையரும் பாட்டிமாரும் முதுகு வலி, தொடை வலி, மாடி ஏறுவதில் தளர்ச்சி என்று கூறும்போது, முதுமையின் இயல்பென்று நாம் வாளா இருத்தலாகாது. மருத்துவரிடம் அழைத்துச் சென்று, வைட்டமின் டி அளவைப் பார்த்தல் வேண்டுமா என்று கேட்போமாக. பாலும் தயிரும் கேழ்வரகும் கீரையும் நாள்தோறும் இலையில் இடம் பெறட்டும். மாத்திரையை மட்டும் மருத்துவர் சொல்லாமல் உண்ணலாகாது. அளவு மீறினால் குருதியில் சுண்ணாம்புச் சத்து பெருகித் தீங்கு விளையும். பலர் குருதி தந்து வெளிவந்த அவ்வாய்வின் பயன் நம் அடுக்களை வரை எட்டுமாறு செய்வது நம் கடமையாகும்.