நீருக்குள் எழுதிய விதி

இந்தியப் பெருங்கடலின் அடியில், வெந்நீர் பீறிடும் பிளவுகளில், மெத்தனோபைரஸ் என்றொரு நுண்ணுயிர் வாழ்கிறது. 122 டிகிரி வெப்பத்திலும் அது பெருகுவதை 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் நம் வீட்டுக் குக்கரில் துவரம்பருப்பு குழைகிறது!

அங்கே நீர் ஏன் ஆவியாகிப் பறந்துவிடவில்லை? மேலே கடல் அழுத்துகிறது. 100 டிகிரியில் நீர் கொதிக்கும் என்று படித்தது கடல்மட்டத்துக் கணக்குதான். தலைமேல் உள்ள பாரத்துக்குத் தக்கபடி கொதிநிலை ஏறும், இறங்கும். படைத்தவன் இந்த விதியை நீருக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறான். சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றின் பாரம் குறைவு. அங்கே 88 டிகிரியிலேயே நீர் தளதளவென்று கொதித்துவிடும். பருப்போ விறைத்துக்கொண்டு கிடக்கும். 'உன் பருப்பு இங்கே வேகாது' என்று அந்த ஊரில் யாரிடமும் தாராளமாகச் சொல்லலாம்.

குக்கர் இந்த விதிக்குப் பணிந்து நடக்கும் பாத்திரம், அவ்வளவே. கேஸ்கெட் ஆவியை அடைக்க, மூடிமேல் உட்கார்ந்த சின்ன வெயிட் உள்ளே அழுத்தத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது. 1679இல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் இப்படியொரு கலத்தைச் செய்து, அதில் எலும்பையே மெத்தென்று வேகவைத்தார். 1682இல் லண்டன் ராயல் சொசைட்டிக்காரர்கள் அதில் சமைத்த விருந்தை உண்டு மகிழ்ந்தார்கள்.

ஆட்டுக்கால் பாயா செய்கிறவர்களுக்கு அந்த வியப்பு புரியும். காலில் சதை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நரம்பும் தோலும் எலும்பும். அவற்றைக் கட்டிவைத்திருப்பது கொலாஜன், மூன்று இழை முறுக்கிக்கொண்ட புரதம். ஆட்டைக் குன்றேற வைத்த உறுதி அது. சூடும் ஈரமும் சேர்ந்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரைகிறது. திறந்த சட்டியில் அரைநாள் பிடிக்கும் அந்த வேலை, குக்கரில் ஒருமணி நேரத்துக்குள் முடிகிறது. குடித்து முடித்ததும் உதடும் உதடும் ஒட்டுகிறதே, அதுதான் அடையாளம்.

ருசிக்கு இரண்டு விஷயம். ஈரத்துக்குள் எதுவும் எளிதில் சிவக்காது. ஆகவே வெங்காயத்தையும் இஞ்சி பூண்டையும் முதலிலேயே மூடாமல் வதக்கிவிட வேண்டும். பிறகு, வெயிட் ஆட ஆரம்பித்ததும் தீயைக் குறைக்க வேண்டும். அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் உள்ளே சூடு ஏறாது, ஆவிதான் வெளியேறும். சாம்பார் வாசனை தெருமுனை வரை மணக்கிறது என்று பெருமைப்படுவார்கள். மணந்ததெல்லாம் குழம்பிலிருந்து போனதுதான்.

அடுப்பை அணைத்தபின் அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கக் கூடாது. பாரம் சட்டென்று இறங்கினால், அதுவரை அடங்கியிருந்த 120 டிகிரி நீர் அந்தக் கணமே பொங்கிக் கொதித்து, பருப்போடு ஓட்டை வழியே கூரைக்குப் பாயும்.