இடாப்பிற் சேராத கருவி

கல்லூரி விடுதியில் வாழ்ந்த அன்பர் எவரும் மாலை இடாப்பை மறந்திரார். மணி அடித்ததும் பெயர்கள் வாசிக்கப்படும். ‘உள்ளேன் ஐயா’ என்னும் விடை உரிய வேளையில் எழாவிடின், மாணவன் படிக்கட்டிலே ஓடி வந்துகொண்டிருந்தாலும், இடாப்பைப் பொறுத்தமட்டில் அவன் வராதவனே. இன்றைய கணினிகளும் மின்சாரம் பெற்ற முதற் சில செக்கன்களுள் இத்தகைய இடாப்பொன்றை வாசிக்கின்றன. அதில் ‘வரவில்லை’ எனக் குறிக்கப்படும் யூ.எஸ்.பி. கருவிகளைப் பற்றியும், அவற்றை மீட்கும் வழியைப் பற்றியும் ஈண்டு விளக்க முற்படுகின்றோம். இவ்விடயத்தை அறியாமையால் நாமே ஒரு பிழை இழைத்தோமாதலின், அதனையும் மறையாது கூறுவோம்.

கணினியின் ஆளியை அழுத்தியதும் லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமை தானாக எழுந்துவிடுவதில்லை. அதனை வன்தட்டிலிருந்தோ நினைவட்டையிலிருந்தோ தேடியெடுத்து, நினைவகத்தில் வைத்து, ஆட்சியை அதனிடம் ஒப்படைக்கும் சிறு நிரலொன்று முன்னரே இயங்குதல் வேண்டும். பூட்லோடர் எனப்படும் அதனைத் தொடக்கநிரல் என்று வழங்குவோம். உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணினிகளிலும், வீடுகளிலுள்ள ரவுட்டர்கள் பலவற்றிலும் பயன்படுவது யூ-பூட் என்னும் தொடக்கநிரலாகும். ஜேர்மனியரான வூல்ஃப்காங் டெங்க் என்பார் பவர்பீசீ வகைக் கணினிகளுக்கெனத் தொடங்கி வளர்த்த நிரல், 2002ஆம் ஆண்டில் இப்பெயரைப் பெற்றது. அவர் மொழியில் இச்சொல் நீர்மூழ்கிக் கப்பலைக் குறிக்கும். பெயரிட்டோர் நகைச்சுவை உணர்வு உடையோரே. அதன் மூலநிரல் முழுவதும் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ், எவரும் வாசிக்கவும் திருத்தவும் கூடியவாறு திறந்து கிடக்கின்றது. இத்திறந்த தன்மையின் பயனைப் பின்னர்க் காண்போம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் சிலர் சேர்ந்து வாசிகசாலையொன்றுக்கு இத்தகைய சிறு கணினியொன்றை வழங்கினோம். பழைய வினாத்தாள்களின் படங்கள் நிறைந்த வன்தட்டொன்று யூ.எஸ்.பி. வடத்தால் அதனோடு இணைக்கப்பட்டிருந்தது. பணிசெயல் முறைமையும் அத்தட்டிலேயே இருந்தது. இரவில் மின்சாரம் நின்று காலையில் மீண்டு வந்தால், ‘சேமிப்புக் கருவிகள் 0 காணப்பட்டன’ என்னும் பொருள்பட ஒரு வரி திரையில் தோன்றும்; அதற்கு மேல் ஒன்றும் நிகழாது. பொறுப்பாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் மீண்டும் மீண்டும் தொடக்கிப் பார்ப்பார். சிலவேளை எழும், பலவேளை எழாது. நாம் சென்று பார்த்தோம்; வன்தட்டுப் பழுதென்று தீர்ப்பும் அளித்தோம். அது பழைய இரும்போடு போயிற்று. சந்தாப் பணத்திற் புதியதொன்று வாங்கப்பட்டது. போன தட்டிலிருந்த வினாத்தாள்களுள் ஒரு பகுதிக்கு வேறு பிரதி இல்லை என்பது பின்னரே தெரியவந்தது. அடுத்த மின்தடையின் பின் புதிய தட்டும் அதே வரியைக் காட்டியபொழுதுதான், குற்றம் தட்டினுடையதன்று என்னும் எண்ணம் எமக்கு உதித்தது.

இனி, கருவியொன்று எவ்வாறு கண்டறியப்படுகின்றது என்பதை நோக்குவோம். 1996ஆம் ஆண்டில் வெளிவந்த யூ.எஸ்.பி. முறையில், கருவி செருகப்படும் துளையை வாயில் எனலாம். வாயிலிலே செருகப்பட்ட கருவி முதலில் 5 உவோற்று மின்னழுத்தத்தைப் பெறுகின்றது. பின்னர்த் தன்னுள் அமைந்த 1.5 கிலோ ஓம் தடையொன்றினால் இரு தரவுக் கம்பிகளுள் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்துகின்றது. ‘உள்ளேன் ஐயா’ என்னும் விடை இதுவே. எக்கம்பி உயர்ந்தது என்பதைக் கொண்டு, கருவி மெதுவான வகையினதோ விரைவான வகையினதோ என்பதும் அறியப்படும். (2008இல் வந்த 3.0 முறையின் அதிவேகக் கம்பிகளில் அறிவிக்கும் விதம் வேறு.) செருகும்போது தொடுகை நடுங்குமாதலின், 100 மில்லிசெக்கன் பொறுத்திருந்து, அதன்பின் நிரல் வாயிலை மீட்டமைக்கின்றது. அவ்வேளை கருவியின் முகவரி 0. சேர்விலக்கம் பெறாத புது மாணவனைப் போன்றது அது. 1 முதல் 127 வரையான இலக்கங்களுள் ஒன்று அதற்கு வழங்கப்படும். அது யாரால் ஆக்கப்பட்டது, எவ்வகையினது என்பவற்றைக் கூறும் 18 பைற்று நீளமான விவரக்குறிப்பும் கேட்டுப் பெறப்படும்.

இங்கே சுவையான முடிச்சொன்று உண்டு. ஒரு பொதியில் எத்தனை பைற்றுகளைக் கருவி அனுப்பவல்லது என்பது அவ்விவரக்குறிப்பின் எட்டாவது பைற்றிலேயே எழுதப்பட்டுள்ளது. ஆகவே அளவை அறியாமலே கேட்டு, விடையிலிருந்து அளவை அறிதல் வேண்டும். யூ-பூட் 64 பைற்றுகளைக் கேட்டு இதனைச் சமாளிக்கின்றது. ஏன் அவ்வாறு கேட்கின்றோம் என்பதையும் ஆக்கியோர் மூலநிரலின் நடுவே குறிப்பாக எழுதிவைத்துள்ளனர். பிறர் எழுதிய நிரலை வாசிப்போருக்கு இத்தகைய குறிப்புகள் நல்லாசிரியரின் ஓரக் குறிப்புகளைப் போன்று உதவுவன.

ஆயினும் எமது வாசிகசாலைக் கணினியில் இவ்விடயம்வரை செல்லவே வாய்ப்பிருக்கவில்லை. முதல் விடையே எழவில்லை. வெறுமையான வாயிலும், கருவி செருகப்பட்டும் இன்னும் விழித்தெழாத வாயிலும் நிரலுக்கு ஒரே தோற்றமே தருகின்றன. இரண்டிலும் மௌனம், இரண்டையும் வேறுபடுத்த வேறு வழியில்லை. எனவே எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை நிரலை எழுதுவோர் தாமே தீர்மானித்தல் வேண்டும். மின்சாரம் பெற்ற கருவி 100 மில்லிசெக்கனுள் தன் வருகையை அறிவிக்க வேண்டுமென்பது யூ.எஸ்.பி. 2.0இன் விதி. விதியை எல்லாக் கருவிகளும் கைக்கொள்வதில்லை. கோர்பூட் என்னும் திறந்த நிலைபொருளோடு பயன்படும் சீபயோஸ் என்பது அந்த 100 மில்லிசெக்கனையே இயல்பான அளவாகக் கொண்டு, வேண்டுவோர் அதனைக் கூட்டிக்கொள்ள ஓர் அமைப்பையும் தந்துள்ளது. கூட்டினால் கணினி எழும் நேரமும் நீளும் என்று அதன் கையேடு எச்சரிக்கவும் தவறவில்லை.

யூ-பூட்டின் நிரலைத் திறந்து பார்த்தபொழுது எமது ஐயம் தீர்ந்தது. வாயில்கள் பலவற்றைத் தாங்கிய ஹப் என்னும் உறுப்பு, தன் வாயில்களில் மின்விசை நிலைபெற எத்தனை மில்லிசெக்கன் செல்லுமென்பதைத் தானே அறிவிக்கின்றது. யூ-பூட் அவ்வளவு நேரமோ 100 மில்லிசெக்கனோ, இரண்டில் எது கூடியதோ, அதுவரை காத்திருக்கும். அதன்பின் மேலும் 1 செக்கன்வரை வருகையை எதிர்நோக்கி, அதற்குள் விடை எழாத வாயிலை வெறுமையென்று விட்டுவிடும். 2016ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தால் வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகவன்றி ஒருங்கே நோக்கப்படுகின்றன. காத்திருக்கும் நேரம் வாயிலுக்கு வாயில் பெருகாமல் நின்றது. விரைவை விரும்பியோர் செய்த நற்பணி அது. எமது தட்டின் இணைப்புச் சுற்றோ, தட்டுச் சுழன்று வேகம் பெறும்வரை வருகையை அறிவிக்காத இயல்பினது. ஏறத்தாழ 1.1 செக்கனில் இடாப்பு மூடப்பட்டபின் அது வந்து நின்றது. மின்சாரம் நில்லாமல் கணினியை மட்டும் மறுதொடக்கம் செய்தால், தட்டு ஏற்கனவே சுழன்றுகொண்டிருக்குமாதலின் உடனே காணப்பட்டது. பொறுப்பாளர் மீண்டும் மீண்டும் தொடக்கியபொழுது சிலவேளை எழுந்தமைக்கும் இதுவே காரணம்.

இதனை அறியும் சோதனை எளியது. யூ-பூட் பணிசெயல் முறைமையைத் தேடப் புறப்படுமுன், எண்ணிக்கை குறைந்து வரும் சில செக்கன்களில் ஒரு விசையை அழுத்தினால், அது நின்று எமது கட்டளைக்குக் காத்திருக்கும். அங்கே ‘யூஎஸ்பி ஸ்ராற்’ என்னும் கட்டளையைத் தட்டெழுதிப் பார்த்தல் வேண்டும். கருவி காணப்படாவிடின், பத்துச் செக்கன் கழித்து ‘யூஎஸ்பி ரீசெற்’ என்பதைத் தருதல் வேண்டும். இரண்டாம் முறை காணப்படின் குறை நேரத்தினது என்று பெரும்பாலும் துணியலாம். காணப்படாவிடினும் உடனே தட்டைப் பழித்தல் ஆகாது. சில பலகைகளில் அக்கட்டளை வாயிலின் மின்விசையையும் நிறுத்தித் திரும்பத் தருவதால், தட்டு மீண்டும் உறக்கத்திலிருந்தே எழவேண்டியிருக்கும். எமது பலகையில் இரண்டாம் முறை காணப்பட்டது. இச்சோதனையை முன்னரே செய்திருந்தால் பழைய இரும்புக்குப் போனது தப்பியிருக்கும்.

பரிகாரம் ஒரே வரியில் அடங்கிற்று. ‘யூஎஸ்பி_பிகுட்_டிலே’ என்னும் பெயருடைய சூழல்மாறி யூ-பூட்டில் உண்டு. அதற்கு மில்லிசெக்கனில் ஓர் எண்ணைக் கொடுத்தால், ஹப் கூறும் நேரத்திலும் அது கூடியதாயின், அவ்வளவு நேரம் நிரல் காத்திருக்கும். கொடுத்த எண்ணை ‘சேவ்என்வ்’ என்னும் கட்டளையாற் சேமித்தல் வேண்டும். சில பலகைகளில் சூழல்மாறிகளைச் சேமிக்க இடமே ஒதுக்கப்படவில்லை. அங்கு மூலநிரலில் இயல்பளவாக அதனை எழுதி, நிரலை மீண்டும் தொகுத்துப் பலகையில் ஏற்றுதலே வழி. லினக்ஸுக்கும் ‘ரூட்வெயிற்’ என்னும் சொல்லைத் தொடக்கவரியிற் கொடுத்துவிடுதல் நன்று. தொடக்கநிரல் பொறுத்திருந்து ஒப்படைத்த பின்னர், லினக்ஸின் கரு தட்டு இன்னும் வரவில்லையென்று நின்றுவிடுவதும் உண்டு.

கருவி இடாப்பிற் சேர்ந்த பின்னும் தடுமாற்றம் நேர்வதுண்டு. வேறு சில தட்டுகளின் சுற்று உடனே வருகையை அறிவித்துவிடும். தட்டோ சுழலத் தொடங்கியிராது. யூ-பூட் ‘ஆயத்தமா?’ என்று கேட்கும்; இல்லையெனின் 100 மில்லிசெக்கன் பொறுத்து மீண்டும் கேட்கும். இவ்வாறு ஒரு செக்கனளவு கேட்டு ஓய்ந்து, ‘கருவி ஆயத்தமில்லை’ என்று அறிவித்துவிடும். இந்த எண்ணிக்கைக்குச் சூழல்மாறி கிடையாது. மூலநிரலிலே 10 என்று எழுதப்பட்டுள்ள இடத்தைத் தேடி மாற்றுதலோ, தொடக்கக் கட்டளையில் மறுமுயற்சியைச் சேர்த்தலோ வேண்டும். மூலநிரல் மூடப்பட்டதாயின் அந்த 10ஐ நாம் கண்டிருக்கவே முடியாது.

காத்திருப்பதால் மட்டும் தீராத குறைகளும் உள. யூ.எஸ்.பி. 2.0 முறையிற் கருவியொன்று ஏற்றுக்கொள்ளப்படுமுன் 100 மில்லியம்பியரும், பின்னர் ஆகக்கூடியது 500 மில்லியம்பியருமே இழுக்கலாம். தட்டொன்று சுழலத் தொடங்கும் கணத்தில் இதனிலும் மிகுதியாக இழுத்தால் மின்னழுத்தம் தாழ்ந்து, கருவி தோன்றியும் மறைந்தும் விளையாடும். தனி மின்வழங்கியுள்ள ஹப் ஒன்றே இதற்கு மருந்து. நிரலை எவ்வளவு திருத்தியும் பயனில்லை. வேறு சில பலகைகளில் வாயிலுக்கு மின்விசை தரும் ஆளியைத் திறக்கவேண்டிய பொறுப்பு நிரலினுடையது. பலகையின் உறுப்புகளை விவரிக்கும் ‘டிவைஸ் ட்ரீ’ என்னும் அட்டவணையில் அவ்வாளி குறிக்கப்படாவிடின், யூ-பூட் எத்தனை முறை இடாப்பை வாசித்தாலும் வாயில் இருளிலேயே கிடக்கும். லினக்ஸின் அட்டவணையில் அது சரியாக இருப்பின் அங்கே கருவி இயங்கும்; ‘லினக்ஸில் வேலை செய்கின்றதே’ என்று மயங்குவதற்கு அதுவே இடந்தரும்.

ராஸ்பெரி பை 4 பலகையின் கதை இவையெல்லாவற்றிலும் விந்தையானது. அதன் யூ.எஸ்.பி. வாயில்களை ஆள்வது வி.எல்.805 என்னும் தனிச் சில்லு. அச்சில்லுக்கும் தனக்கென நிலைபொருள் வேண்டும். முந்திய பலகைகளில் அது அருகேயுள்ள நினைவகச் சில்லொன்றில் இருந்தது. பிந்திய சிலவற்றில் அந்நினைவகம் நீக்கப்பட்டு, பலகையின் தலைமைச் சில்லே நிலைபொருளை ஏற்றிவிடும் ஏற்பாடு செய்யப்பட்டது. யூ-பூட் தன் வழக்கப்படி இணைப்புத் தடத்தை மீட்டமைத்ததும், ஏற்றப்பட்ட நிலைபொருள் அழிந்துபோயிற்று! தூய்மைப்படுத்தப் புகுந்தவர் விளக்கையே அணைத்துவிட்டதைப் போன்றது இது. மீட்டமைத்தபின் தலைமைச் சில்லுக்குச் செய்தி அனுப்பி மீண்டும் ஏற்றுவிக்கும் பகுதி 2020ஆம் ஆண்டில் யூ-பூட்டுக்கென எழுதப்பட்டது.

விசைப்பலகைகளைப் பற்றியும் ஒரு சொல். யூ-பூட் எளிய தொடக்க முறையிற் பேசும் விசைப்பலகைகளையே அறியும். ஒரே வேளையில் ஒன்றை மட்டுமே ஏற்கும். விசைப்பலகைபோல் நடிக்கும் பாதுகாப்புச் சாவியொன்று முதலில் இடாப்பிற் புகுந்துவிட்டால், மெய்யான விசைப்பலகைக்கு இடமில்லாது போகும். அண்மைப் பதிப்புகளில் இத்தகையவற்றைப் புறக்கணிக்கும் பட்டியலொன்று சேர்க்கப்பட்டுள்ளது.

வாசிகசாலைக் கணினிக்கு நாம் முதலில் 2000 என்ற எண்ணைக் கொடுத்தோம். மூன்று முறை எழுந்து நான்காம் முறை தவறிற்று. 4000 கொடுத்தபின் தவறவில்லை; ஆசிரியரின் முன்னிலையில் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் பன்னிரண்டு முறை சோதித்தோம். கணினி எழும் நேரம் ஏறத்தாழ நான்கு செக்கன் நீண்டது. அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பலகையின் பெட்டிக்குள் ஒட்டிவைத்தோம். இல்லாதுபோன வினாத்தாள்களைப் பழைய மாணவரின் வீடுகளிலிருந்து சேகரித்து வருகின்றோம். இன்னும் சில ஆண்டுகளுக்குரியவை கிடைக்கவில்லை.