அரை கிலோமீட்டர் தாண்டி லேசரில் படம் வரைவது எப்படி? கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடக்கும் இழுபறி!

திருவிழாவிலோ கல்லூரி கலைவிழாவிலோ லேசர் ஷோ பார்த்திருப்பீர்கள். 30 மீட்டர் தள்ளி இருக்கும் திரையில் கோடுகள் பளிச்சென்று விழும். அதே கருவியை அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு மலைப்பாறையை நோக்கித் திருப்பினால் என்ன ஆகும்? கோடெல்லாம் தடித்து, மங்கி, எழுத்தையே படிக்க முடியாமல் போய்விடும்.

ஆனாலும் பிரமாண்டமான பரப்புகளில் லேசர் ஷோ நடக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா நதியின் குறுக்கே உள்ள கிராண்ட் கூலி அணையின் நீளம் சுமார் 1.6 கிலோமீட்டர். அந்த அணையின் சுவரையே திரையாக்கி, 1989 முதல் கோடைக்கால இரவுகளில் லேசர் காட்சி நடத்தப்பட்டு வருகிறது. இவ்வளவு பெரிய பரப்பில், இவ்வளவு தூரத்தில் எப்படி வரைகிறார்கள்?

லேசர் எப்படி வரைகிறது?

சினிமா புரொஜெக்டர் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் திரையில் போடும். லேசர் அப்படி இல்லை. அதனிடம் இருப்பது ஒரே ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியை இரண்டு சின்னஞ்சிறு கண்ணாடிகள் ஆட்டுகின்றன. ஒன்று இடம் வலமாக, இன்னொன்று மேலும் கீழுமாக.

இந்தக் கண்ணாடிகளைத் திருப்பும் மோட்டாரின் பெயர் கால்வனோமீட்டர். துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக 'கால்வோ' என்பார்கள். நல்ல கால்வோ ஒரு வினாடிக்கு 30,000 புள்ளிகளைத் தொட்டுவிட்டு வரும். புள்ளி ஓடும் வேகத்தில் நம் கண்ணுக்கு அது கோடாகத் தெரிகிறது.

தூரம் போனால் ஏன் தடிக்கிறது?

லேசர் விரியாமல் நேராகப் போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் எல்லா லேசரும் விரியும், கொஞ்சம் கொஞ்சமாக.

மேடை லேசர் ஒன்று ஒவ்வொரு மீட்டருக்கும் 1 மில்லிமீட்டர் விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டரில் புள்ளியின் அகலம் சுமார் 3 சென்டிமீட்டர். பிரச்சினை இல்லை. 500 மீட்டரில்? அரை மீட்டர்! கோடு அரை மீட்டர் தடிமனில் இருந்தால் எழுத்து எப்படித் தெரியும்?

அகலமாகக் கிளம்பினால் ஒல்லியாகப் போய்ச் சேரும்

இங்கேதான் லென்ஸ் உள்ளே வருகிறது. கேட்க முரணாக இருக்கும், ஆனால் இயற்பியல் விதி இதுதான்: கிளம்பும்போதே ஒளிக்கற்றை எத்தனை மடங்கு அகலமாக இருக்கிறதோ, அத்தனை மடங்கு அது விரிவது குறையும்.

இதற்காகப் பயன்படும் லென்ஸ் ஜோடிக்கு 'பீம் எக்ஸ்பாண்டர்' என்று பெயர். தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்தது மாதிரி. 4 மில்லிமீட்டர் கற்றையை 5 மடங்கு பெருக்கி 20 மில்லிமீட்டர் ஆக்கினால், 500 மீட்டரில் புள்ளி அரை மீட்டருக்குப் பதில் சுமார் 10 சென்டிமீட்டர்தான். அதே ஒளி 25 மடங்கு சிறிய இடத்தில் குவிவதால் கோடும் பளிச்சென்று தெரியும்.

நிலாவுக்கு லேசர் அனுப்பித் தூரத்தை அளக்கும் விஞ்ஞானிகள் செய்வதும் இதைத்தான். அமெரிக்காவின் அபாச்சி பாயிண்ட் ஆய்வகத்தில் லேசரை 3.5 மீட்டர் தொலைநோக்கி வழியாகவே அனுப்புகிறார்கள். அப்படியும் காற்றின் அலைக்கழிப்பால் நிலாவில் அது சுமார் 2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுகிறது.

அப்போ லென்ஸைப் போட்டால் வேலை முடிந்ததா?

இல்லை. லென்ஸை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய தலைவலி.

வழி 1: கண்ணாடிக்கு முன்னால் வைப்பது. கற்றை 5 மடங்கு பெரிதாகிவிட்டதால், அதைத் தாங்கும் கண்ணாடியும் 5 மடங்கு பெரிதாக வேண்டும். சின்ன ஓலை விசிறியைப் படபடவென ஆட்டலாம். அதே வேகத்தில் முறத்தை ஆட்ட முடியுமா? கண்ணாடியின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் 2 மடங்கு ஆக்கினால் அதைத் திருப்புவதற்கான எதிர்ப்பு 32 மடங்கு கூடும். 5 மடங்கு ஆக்கினால் 3,125 மடங்கு! தடிமனைக் குறைக்கலாம்தான். ஆனால் ரொம்ப மெலிந்தால் வேகமாகத் திரும்பும்போது கண்ணாடியே லேசாக வளைந்து, புள்ளி சிதைந்துவிடும்.

வழி 2: கண்ணாடிக்குப் பின்னால் வைப்பது. கண்ணாடி சின்னதாகவே இருக்கும், வேகமும் குறையாது. ஆனால் இந்த லென்ஸ் கற்றையை 5 மடங்கு பெருக்கும்போது, கற்றை ஆடும் கோணத்தை 5 மடங்கு சுருக்கிவிடும். 8 டிகிரிக்கு ஆடிய கற்றை 1.6 டிகிரிக்குத்தான் ஆடும். 500 மீட்டரில் 70 மீட்டர் அகலத்துக்கு வந்த படம் 14 மீட்டராகிவிடும்.

லென்ஸ் இலவசமாக எதையும் தருவதில்லை

இப்போது ஒரு சின்ன கணக்கு. லென்ஸ் இல்லாமல் 70 மீட்டர் படம், அரை மீட்டர் புள்ளி. பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் 140 புள்ளிகள். வழி 2-ல் 14 மீட்டர் படம், 10 சென்டிமீட்டர் புள்ளி. அதுவும் 140 புள்ளிகள்தான்!

அதாவது, பின்னால் வைக்கும் லென்ஸ் படத்தைச் சுருக்கிக் கூர்மையாக்குகிறதே தவிர, புதிதாக நுணுக்கம் எதையும் சேர்ப்பதில்லை. நுணுக்கம் கூட வேண்டுமானால் பெரிய கண்ணாடி வேண்டும், அல்லது கண்ணாடி இன்னும் அகலமான கோணத்தில் ஆட வேண்டும். இரண்டுக்குமே விலை வேகம்தான்.

அதனால் வடிவமைப்பாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை வாட் லேசர்?' என்பதல்ல. 'எவ்வளவு அகலப் படம், எவ்வளவு சின்ன எழுத்து?' என்பதுதான். தூரத்தில் ஒரு லோகோ மட்டும் போதும் என்றால் வழி 2 கச்சிதம். முழுச் சுவரும் நிறைய வேண்டும் என்றால் பெரிய கண்ணாடியை வைத்து, குறைவான கோடுகளில் எளிமையான படம் வரையலாம். இல்லையென்றால் சுவரைப் பங்கு பிரித்துப் பல புரொஜெக்டர்களிடம் கொடுக்கலாம்.

சின்ன விஷயங்களும் பெரிதாகும்

தூரம் எல்லாத் தவறையும் பெருக்கிக் காட்டும். கருவி வெறும் 0.1 டிகிரி நகர்ந்தால், 500 மீட்டரில் படம் சுமார் 87 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். ஸ்பீக்கர் அதிரும் மேடையில் லேசரை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

நிறமும் ஒரு சிக்கல். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே லென்ஸ் ஒரே அளவில் வளைப்பதில்லை. ஆகவே இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்துச் செய்த நிறப்பிழை நீக்கிய லென்ஸ் தேவை. வளைந்த கண்ணாடிகளால் செய்த எக்ஸ்பாண்டரில் இந்தத் தொல்லையே கிடையாது.

ஆபத்தும் தூரம் போகும்

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். கற்றையைக் கூர்மையாக்கினால் அதன் ஆபத்தும் கூடவே நீளும்.

கண்ணில் தவறிப் படும் லேசருக்கு, இமை மூடும் கால் வினாடி நேரத்துக்கான பாதுகாப்பு வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.5 மில்லிவாட். அசையாமல் நிற்கும் 10 வாட் கற்றை, மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் விரிந்தால், சுமார் 700 மீட்டர் தாண்டிய பிறகே அந்த வரம்புக்குள் வரும். அதையே 5 மடங்கு எக்ஸ்பாண்டர் வழியாக அனுப்பினால்? சுமார் 3.5 கிலோமீட்டர்! லேசர் அதேதான், மாறியது லென்ஸ் மட்டும்.

கண்ணாடி திடீரென்று நின்றுவிட்டால், ஓடிக்கொண்டிருந்த புள்ளி ஒரே இடத்தில் குத்தி நிற்கும். அந்தக் கணமே ஒளியைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்று பொருத்துவது இதற்காகத்தான். கற்றை சுவரின் விளிம்பைத் தாண்டி வானத்துக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் மட்டும் 2023-ல் விமானங்கள் மீது லேசர் அடித்ததாக 13,304 புகார்கள் பதிவாகின. சென்னையில் தரையிறங்க வந்த விமானங்கள் மீதும் லேசர் அடிக்கப்பட்ட சம்பவங்கள் நடந்துள்ளன.

ஷோ பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு விஷயம். சுவரில் விழும் படத்தை தாராளமாக வீடியோ எடுக்கலாம். ஆனால் லேசர் கிளம்பும் இடத்தை நோக்கி மொபைலைத் திருப்ப வேண்டாம். கற்றை நேராக கேமராவுக்குள் விழுந்தால், ஒரு நொடிகூட ஆகாது, சென்சார் நிரந்தரமாகக் கெட்டுப்போய்விடலாம்.