பூனைக்குக் கைவைத்தியம்

கஞ்சி தோய்ந்து உலர்ந்த பாவைச் சுருட்டி ஓரிரவு வீட்டு மூலையில் வைத்தால், மாவின் மணத்தை நாடி எலி வந்துவிடுகிறது. அது தின்பதென்னவோ எள்ளளவு கஞ்சிதான். அறுத்துவிட்டுப் போவதோ நூற்றுக்கணக்கான இழைகள். அவற்றைத் தேடிப் பிடித்துப் பிணைப்பதற்குள் ஒருவருடைய ஒரு நாள் கூலி போய்விடுகிறது. பயிரிடும் அங்கத்தினர்களுக்கோ குதிரைப் பற்றியும் விதை நெல்லைப் பற்றியும் கவலை. இவ்விரு சாராருக்கும் சம்பளமின்றிக் காவல் புரியும் பிராணி பூனை. அது குறுக்கே சென்றால் சகுனம் சரியில்லை என்று திரும்பி வந்து திண்ணையில் அமர்கிறவருடைய வீட்டுக் கிடங்கிலும் ஒரு பூனை வளர்வதை நாம் பார்த்திருக்கிறோம்.

இத்தகைய காவலாளிக்கு நோய் கண்டால் நாம் செய்வது யாது? மாட்டுக்கு நோயென்றால் மருத்துவமனைக்கு ஓட்டிச் செல்கிறோம். பூனைக்கென்றால் அஞ்சறைப் பெட்டியைத் திறக்கிறோம். அப்படித் திறந்தவர்களில் நாமும் ஒருவர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, நடந்ததைக் கூறுகிறோம்.

நம் சங்கத்து நூல் கிடங்கில் கறுப்பும் வெள்ளையும் கலந்த பெட்டைப் பூனை ஒன்று உண்டு. ஒரு நாள் அது உணவை மறுத்தது. மறுநாள் இரண்டு மூன்று முறை வாந்தி எடுத்தது. வயிற்றைத் தொட்டால் சீறியது. மலச்சிக்கல் என்று முடிவு கட்டினோம். விளக்கெண்ணெய் ஒரு கரண்டி புகட்டப்பட்டது. ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் வாயைத் திறக்க, மூன்றாமவர் ஊற்றினார். பாதி எண்ணெய் வெளியே வழிந்தது. மூன்றாம் நாள் காலை பூனை எழுந்திருக்கவில்லை. கணக்கெழுதும் இளைஞர் அதன் வாயைத் திறந்து பார்த்தபோது நாவின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உற்று நோக்கினால், அது நம்முடைய நூல்! நாவின் வேரைச் சுற்றிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கியிருந்தது. இழுத்துவிடலாம் என்று ஒருவர் கையை நீட்டினார். நல்லவேளையாக இளைஞர் தடுத்துவிட்டார்.

அன்றே பூனையைக் கூடையில் வைத்து மூடிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். வயிற்றைத் திறந்து நூலை எடுத்தார். நூலின் ஒரு முனை நாவில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் சென்றுவிட்டது. குடலின் இயல்பு எதையும் கீழே தள்ளுவது. தள்ளத் தள்ள நூல் நகரவில்லை. குடல்தான் நூலின்மேல் ஏறி, சுருக்குக் கயிறு இழுத்த பையைப் போல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிப்போயிற்று. அந்நிலையில் நூலை வெளியே இழுத்தால் அது ரம்பம் போல் குடலை அறுத்துவிடும். விளக்கெண்ணெயும் அதே தீமையைத்தான் செய்கிறது: அடைபட்ட குடலை மேலும் முடுக்கிவிடுகிறது. புகட்டும்போது புரையேறினால் எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று வேறொரு நோயையும் உண்டாக்கும். நம் பூனை இந்த இரண்டினின்றும் தப்பியது அதிர்ஷ்டமே. நம் வைத்தியத்தால் அன்று.

தறியும் ராட்டையும் உள்ள வீடுகளில் இவ்விபத்து எப்பொழுதும் நேரக்கூடும். பூனையின் நாவிலே உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு. அதில் ஒட்டிய நூலைத் துப்ப அதனால் முடியாது, விழுங்கத்தான் முடியும். குட்டிகள் விளையாட்டாகவே தார் நூலைப் பிடித்து இழுக்கும். ஆகையால் அறுந்த இழைகளையும் கழிவு நூலையும் மூடியுள்ள தகரப் பெட்டியில் இடுவது நல்லது. பூனையின் வாயிலோ ஆசனத்திலோ நூல் முனை தென்பட்டால் இழுக்கவே கூடாது. மருத்துவரிடம் செல்வதொன்றே வழி.

இனி, அஞ்சறைப் பெட்டிக்கு வருவோம். மனிதனுக்கு ஆகும் மருந்து பூனைக்கும் ஆகும், அளவைக் குறைத்தால் போதும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இது பெரும் பிழை. பூனை முற்றிலும் மாமிசத்தை உண்டு வாழப் பிறந்த பிராணி. தாவரப் பொருள்களில் உள்ள பலவகைக் காரங்களை முறித்து வெளியேற்றும் ஆற்றல், நம் ஈரலுக்கு இருப்பதுபோல் அதன் ஈரலுக்கு இல்லை. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிடமால் இதற்குத் தக்க உதாரணம். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே, மூன்று கிலோ எடையுள்ள பூனையைக் கொல்லப் போதுமானது. ஈறுகள் பழுப்பேறி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சுத் திணறி மாளும். அதுவும், காய்ச்சல் இல்லாத பூனைக்கே பல வீடுகளில் இம்மாத்திரை தரப்படுகிறது. பூனையின் இயல்பான உடற்சூடு 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை என்பதை அறியாதவர்கள், தொட்டுப் பார்த்துச் சுடுகிறதே என்று பயந்துவிடுகிறார்கள்.

பூண்டும் வெங்காயமும் அவ்வாறே. பூச்சிக்குப் பூண்டும் சூட்டுக்குச் சின்ன வெங்காயமும் நமக்குப் பழகிய மருந்துகள். பூனையின் இரத்தத்திலோ இவை சிவப்பணுக்களை உடைத்துவிடுகின்றன. பச்சையாக இருந்தாலும் வெந்தாலும் குணம் மாறுவதில்லை. தீங்கு அன்றே தெரியாது. சில நாட்கள் கழித்து ஈறு வெளிறி, சிறுநீர் கறுத்து, பூனை சோர்ந்து விழும்போது காரணம் யாருக்கும் நினைவிருப்பதில்லை. எனவே குழம்புச் சோறு வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கர்ப்பூரம், நீலகிரித் தைலம், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் ஆகியவற்றை உடம்பில் பூசுவதும் தகாது. பூனை தன் உடம்பை நாள் முழுவதும் நக்கிச் சுத்தம் செய்வது. மேலே பூசியதெல்லாம் உள்ளே போகும். நாய்க்கு வாங்கிய உண்ணிப் பொடியில் பெர்மித்ரின் இருந்தால் அதுவும் பூனைக்கு நஞ்சு.

குப்பைமேனியைப் பற்றி அங்கத்தினர் சிலர் கேட்பதுண்டு. அதற்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் இருப்பது காரணமின்றியன்று. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை தேடி வந்து வேரைக் கடித்து அதன்மேல் புரளுவதைக் காணலாம். அது ஒரு மயக்கமேயன்றி மருத்துவமன்று. விளையாடட்டும் என்று விட்டுவிடலாம். சாறு பிழிந்து புகட்ட வேண்டா.

அப்படியானால் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா? உண்டு. சண்டையில் பட்ட சிறு காயத்தை உப்பு நீரால் கழுவலாம். அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒரு சிறு கரண்டி, அதாவது ஏறக்குறைய 5 கிராம், உப்பைக் கரைத்தால் போதும். மஞ்சள் அப்ப வேண்டியதில்லை. கடிபட்ட இடம் வீங்கிச் சூடேறினால் உள்ளே சீழ் கோத்திருக்கிறது என்று பொருள். அதற்கு மருத்துவர் வேண்டும். கண்ணில் பீளை கட்டினால் ஆறவைத்த வெந்நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் உள்மூலையிலிருந்து வெளிநோக்கித் துடைக்கலாம், கண்ணுக்கொரு பஞ்சு. சளியால் மூக்கடைத்த பூனை உணவை மறுப்பது பசியின்மையால் மட்டுமன்று, மணம் தெரியாததாலுந்தான். மூக்கைத் துடைத்துவிட்டு, முள் நீக்கிய மீனை வெதுவெதுப்பாகச் சூடு செய்து முகத்தருகே வைத்தால் பெரும்பாலும் நாவை நீட்டும். இலேசான பேதிக்கு உப்பும் மசாலையும் இல்லாமல் வெந்த கோழிக்கறியோடு மசித்த பரங்கிக்காய் ஒரு சிறு கரண்டி சேர்த்துத் தரலாம். பக்கத்தில் சுத்தமான நீர் இருக்கட்டும், பால் வேண்டா. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. பூனையென்றால் பால் என்று நாம் பேசிப் பழகியது பேச்சோடு நிற்க வேண்டியது. தெள்ளுக்குச் சீப்பே சிறந்த மருந்து: நெருங்கிய பல்லுள்ள சீப்பால் வாரி, சோப்பு நீரில் சீப்பை முக்கி எடுத்து, படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தினால் பெரும்பகுதி ஒழியும்.

லங்கணம் பரம ஔஷதம் என்பது மனிதருக்குச் சொன்னது. பூனை இரண்டு மூன்று நாட்கள் பட்டினி கிடந்தால், அதிலும் கொழுத்த பூனையானால், உடற்கொழுப்பு ஈரலில் படிந்து ஈரலே பழுதாகிவிடும். ஒரு நாள் முழுதும் உண்ணாவிடில் பொறுத்துப் பார்ப்பது போதும், மறுநாள் மருத்துவர்.

மணி கணக்கில் விரைய வேண்டியவை இரண்டு. கடுவன் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கிக் கதறினால் அது மலச்சிக்கலன்று; பெரும்பாலும் சிறுநீர்த் தாரை அடைத்திருக்கும். பார்லிக் கஞ்சியும் மோரும் அடைப்பை நீக்கா. இரண்டு நாட்களுக்குள் உயிர் போய்விடக்கூடும். மற்றொன்று, பயிரிடுவோர் கவனிக்க வேண்டியது: எலிப் பாஷாணம். நாம் வரப்பிலும் கிடங்கிலும் வைத்த மருந்தைத் தின்ற எலியைப் பூனை தின்றால் அந்நஞ்சு பூனையையும் சாரும். இரத்தம் உறையாமல் செய்யும் வகையாயின், காலத்தில் சென்றால் மருத்துவர் வைட்டமின் கே கொடுத்துப் பிழைக்கவைக்க முடியும். மருந்துப் பெட்டியின் அட்டையை உடன் எடுத்துச் செல்க. வாந்தி எடுக்கவைப்பதற்காக உப்புக் கரைசலைப் புகட்டுவது இரண்டாவது நஞ்சாகும்.

நம் கிடங்குப் பூனையின் சிகிச்சைச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நிர்வாகக் குழுவில் வாதம் நடந்தது. சங்கப் பணத்தைப் பூனைக்குச் செலவிட விதியில்லை என்றார் ஒருவர்; எலி அறுத்த நூலை நஷ்டத் தலைப்பில் எழுத மட்டும் விதியிருக்கிறதா என்றார் மற்றொருவர். முடிவில் அங்கத்தினர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுத் தீர்த்தார்கள். சிகிச்சையன்று பூனையைப் பிடித்த இளைஞருக்குக் கையில் நல்ல கடி. சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டார். வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று, பூனைக்கடியாலும் வரும். வசூலில் மீந்த தொகையைக் கொண்டு, தையல் ஆறிய பின் அப்பூனைக்கும் அதன் இரண்டு குட்டிகளுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டது.