யூதித்து: ஒரு கைம்பெண்ணை நூற்றாண்டுகள் வாசித்த விதம்

பாடாலூரிலிருந்து பெரம்பலூரைத் தாண்டி வடக்கே செல்வோர் ரஞ்சன்குடிக் கோட்டையை அறிவர். 1751ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலியின் தரப்பும், பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிபின் தரப்பும் அந்தப் பகுதியில்தான் மோதின. ஒரு கோட்டையைக் காப்பது மதில் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் தண்ணீரும்தான். வானத்தைப் பார்த்துப் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிடும் நம் பகுதி மக்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விவிலியத்தின் யூதித்து நூலும் முற்றுகையிடப்பட்ட ஒரு மலையூரின் தாகத்தைப் பற்றியதே.

அவ்வூரின் பெயர் பெத்தூலியா. படைத்தலைவன் ஒலோபெரின் அடிவாரத்து ஊற்றுகளைக் கைப்பற்றிக்கொண்டு காத்திருக்கிறான். முப்பத்து நான்கு நாள்களில் தொட்டிகள் வற்றுகின்றன. பெண்களும் இளைஞர்களும் தெருக்களில் மயங்கி விழுகின்றனர். சரணடைந்துவிடலாம் என்று மக்கள் கூக்குரலிடுகின்றனர். ஊர்த்தலைவர் ஊசியா ஒரு சமரசம் சொல்கிறார்: இன்னும் ஐந்து நாள் பொறுப்போம், அதற்குள் கடவுள் உதவாவிட்டால் உங்கள் விருப்பப்படி செய்கிறேன் (யூதி 7:30-31).

நூலின் முதல் ஏழு அதிகாரங்களில் பெயரே வராத யூதித்து, இப்போதுதான் நம் முன் வருகிறார். அவர் ஒரு கைம்பெண். கணவர் மனாசே வாற்கோதுமை அறுவடையின்போது வெயில் தாக்கி இறந்து மூன்று ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. நிலபுலன்களை அவரே நிருவகித்து வருகிறார். ஊசியா சொன்னதைக் கேள்விப்பட்டதும் மூப்பர்களைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, கடவுளைச் சோதிக்க நீங்கள் யார், ஒரு மனிதரின் உள்ளத்தையே அளக்க முடியாத நீங்கள் கடவுளின் திட்டத்துக்குக் கெடு வைப்பதா என்று கேட்கிறார். இப்படி இறையியல் பேசி ஊர்த்தலைவர்களைத் திருத்தும் பெண்கள் பழைய ஏற்பாட்டில் அதிகம் பேர் இல்லை.

ஊசியாவின் பதிலைக் கவனியுங்கள். நீர் சொன்னதெல்லாம் சரி, உம் ஞானத்தை ஊரே அறியும் என்று புகழ்ந்துவிட்டு, நீர் பக்தியுள்ளவர், மழைக்காக மன்றாடும் என்கிறார் (8:28-31). நம் பங்குகளின் கூட்டங்களிலும் பெண்கள் இத்தகைய பதிலைக் கேட்டிருக்கக்கூடும். யூதித்து செபிக்கிறார், ஆனால் செபத்தோடு நின்றுவிடவில்லை. தம் பணிப்பெண்ணுடன் எதிரியின் பாளையத்துக்குச் சென்று, மது மயக்கத்தில் கிடந்த ஒலோபெரினின் வாளாலேயே அவன் தலையை வெட்டி, பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறார்.

இது நடந்த வரலாறா? பாபிலோன் மன்னர் நெபுகத்னேசரை நினிவேயில் ஆளும் அசீரிய மன்னராக நூல் தொடக்கத்திலேயே காட்டுகிறது. வரலாற்றில் நினிவே கி.மு. 612இல் வீழ்ந்துவிட்டது. நம்பிக்கையூட்ட எழுதப்பட்ட கதை என்பதையே ஆசிரியர் இப்படி உணர்த்துகிறார் என்பது இன்றைய விவிலிய அறிஞர் பலரின் கருத்து. யூதித்து என்ற பெயருக்கே 'யூதப்பெண்' என்பதுதான் பொருள்.

கிறிஸ்தவ எழுத்துகளில் இவரை முதலில் நினைவுகூர்ந்தவர் உரோமை நகர் புனித கிளமெந்து. ஏறத்தாழ கி.பி. 96இல் கொரிந்தியருக்கு எழுதிய திருமுகத்தில், மக்கள்மீது கொண்ட அன்பால் ஆபத்தைத் துணிந்து ஏற்றவர் என்று யூதித்தையும் எஸ்தரையும் காட்டுகிறார். அங்கே துணிவுதான் முதன்மை. நான்காம் நூற்றாண்டில் புனித அம்புரோசியார் கைம்பெண்களைப் பற்றி எழுதும்போது, அவருடைய நோன்பையும் தன்னடக்கத்தையும் முன்னிறுத்துகிறார். அடுத்து புனித ஜெரோம் இந்நூலை இலத்தீனில் மொழிபெயர்க்கிறார். ஒரே இரவில் முடித்ததாக அவரே குறிப்பிடுகிறார். கற்பை விரும்பியதால்தான் யூதித்துக்கு வெற்றி கிடைத்தது என்ற கருத்துள்ள ஒரு வரி அந்த இலத்தீன் நூலில் உண்டு. கிரேக்க நூலில் அந்த வரி இல்லை. ஆகவே 1995இல் வெளிவந்த நம் திருவிவிலியத்திலும் இல்லை. இலத்தீன் நூலையே பல நூற்றாண்டுகள் வாசித்த மேற்குத் திருச்சபைக்கு யூதித்து முதலில் கற்பின் அடையாளம். அறிவின் அடையாளம் அல்ல.

ஒன்பதாம் நூற்றாண்டில் இராபானுஸ் மௌருஸ் எழுதிய விளக்கவுரையில் யூதித்து திருச்சபையாகவும் ஒலோபெரின் அலகையாகவும் ஆகின்றனர். அங்கிருந்து மரியன்னை தொலைவில் இல்லை. பகைவனின் தலை வீழ்கிறது. மண்ணுலகப் பெண்கள் எல்லாரிலும் மேலான ஆசி அவருக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது (13:18). எலிசபெத்தின் வாழ்த்தை அறிந்த யாருக்கும் இந்த ஒற்றுமை உடனே தெரியும். 1950இல் அன்னையின் விண்ணேற்பு விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டபின் அமைந்த புதிய விழாத் திருப்பலியின் வாசகம் யூதித்து நூலிலிருந்தே எடுக்கப்பட்டது.

ஆனால் அவர் பொய் சொன்னாரே? இக்கேள்வியைப் புனித தாமஸ் அக்குவினாஸ் ஒதுக்கிவிடவில்லை. ஒலோபெரினிடம் பொய் சொன்னதற்காக அவர் புகழப்படவில்லை, தம் மக்களைக் காக்க விரும்பியதற்காகவே புகழப்படுகிறார் என்று பிரித்துச் சொல்கிறார். இது நேர்மையான பதில். நமக்கு முழு நிறைவு தராவிட்டாலும்.

ஓவியரும் சிற்பியரும் வேறு யூதித்தைக் கண்டனர். பிளாரன்சு நகரில் தொனாத்தெல்லோ வடித்த யூதித்து சிலை, 1495இல் கொடுங்கோன்மைக்கு எதிரான அடையாளமாக அரசு மாளிகை முன் வைக்கப்பட்டது. 1504இல் மிக்கேலாஞ்சலோவின் தாவீது அந்த இடத்தைப் பெற்றது. ஒரு பெண் ஓர் ஆணைக் கொல்வது போன்ற சிலை அங்கே இருப்பது பொருந்தாது என்று அப்போது நடந்த ஆலோசனையில் ஒருவர் வாதிட்டிருந்தார். கோலியாத்தின் தலையை வெட்டிய தாவீதைப் பற்றி இந்தக் கவலை யாருக்கும் எழவில்லை!

அர்த்தமீசியா ஜெந்திலெஸ்கி என்ற பெண் ஓவியரின் யூதித்து இவை எல்லாவற்றிலும் மாறுபட்டவர். இளம் வயதில் ஓர் ஓவியனால் பாலியல் வன்முறைக்கு ஆளான அர்த்தமீசியா, 1612இல் உரோமையில் நடந்த வழக்கில் சாட்சி சொன்னார். வாக்குமூலம் உண்மையா என்று சோதிக்க விரல்களைக் கயிற்றால் இறுக்கினர். அவருடைய ஓவியத்தில் யூதித்து கைகளை மடித்துக்கொண்டு முழுவலிமையோடு வெட்டுகிறார். பணிப்பெண்ணும் வெறுமனே பை பிடித்து நிற்கவில்லை. ஒலோபெரினை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்.

நூலின் இடம் பற்றியும் கருத்து வேறுபாடு இருந்தது. யூதர்களின் எபிரேயத் திருமறையில் யூதித்து நூல் இல்லை. ஆயினும் இடைக்காலத்திலிருந்து அனுக்கா விழாவோடு அவர் கதையை அவர்கள் இணைத்தனர். அவ்விழாவில் பாலாடைக்கட்டி உண்ணும் வழக்கத்துக்கும் அவரையே காரணமாகக் காட்டினர். மார்ட்டின் லூத்தர் இதை நல்ல சமயக் கவிதை என்று பாராட்டினாலும் திருமுறையில் சேர்க்கவில்லை. திரெந்து பொதுச்சங்கம் 1546இல் திருமுறை நூலென உறுதிசெய்தது. ஒரு விந்தை: 1728இல் தரங்கம்பாடியில் லூத்தரன் மறைப்பணியாளரே இணைத்திருமுறை நூல்களைத் தமிழில் அச்சிட்டனர். குடந்தை மறைமாவட்டத்து ஏலாக்குறிச்சியோடு தொடர்புடைய வீரமாமுனிவர் அவர்களோடு எழுத்தில் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது.

கணவனை இழந்த பெண் அரசவையில் நின்று நீதி கேட்டதைக் காப்பியமாக்கிய மொழி நம்முடையது. பாடாலூருக்கும் பெரம்பலூருக்கும் இடையே உள்ள சிறுவாச்சூரில் அந்தக் கண்ணகியையே மதுரகாளியம்மனாக இந்து சகோதரர்கள் வணங்குகின்றனர். அதே மண்ணில், திருமண வீட்டில் தாலித் தட்டு வலம் வரும்போது கைம்பெண் ஒதுங்கி நிற்கும் வழக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மணமகனைப் பெற்று வளர்த்த தாயே சில வீடுகளில் பின்வரிசையில் நிற்கிறார்.

ஞாயிறு வாசகங்களில் யூதித்து நூல் இடம்பெறுவதில்லை. புனிதர் பொதுத் திருப்பலிகளுக்கான வாசகத் தொகுப்பில் ஒரு பகுதி உண்டு: 8:2-8. கணவரின் சாவு, நோன்பு, அழகு, சொத்து, இறையச்சம் எல்லாம் அதில் வருகின்றன. அவர் வாய்திறந்து மூப்பரைக் கண்டிப்பது 11ஆம் வசனத்தில் தொடங்குகிறது. வாசகம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

ஆயினும் அண்மைக் காலத்தில் அந்தக் குரல் திரும்பக் கேட்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2017 சனவரி 25 அன்று நிகழ்த்திய மறைக்கல்வி உரையில், மக்களுக்கு நம்பிக்கையூட்டிய பெண்ணாக யூதித்தைக் காட்டினார். 2022 மே மாதத்தில், அதிகம் பேசப்படாத அவருடைய முதுமையைக் குறித்தும் பேசினார். வெற்றிக்குப்பின் யூதித்து பெத்தூலியாவுக்குத் திரும்புகிறார். பலர் மணக்க விரும்பியும் மறுத்து, 105 வயது வரை வாழ்கிறார். இறக்குமுன் சொத்தை உறவினருக்குப் பகிர்ந்தளிக்கிறார். தம்முடன் பாளையத்துக்கு வந்த பணிப்பெண்ணுக்கு விடுதலை தருகிறார். அந்தப் பணிப்பெண்ணின் பெயரை மட்டும் நூல் சொல்லவில்லை.