ஓவன் வாங்கும் முன் ஒரு பழக் கேக்



சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் குழுக்களில் ஓவன் வாங்க உள்கடன் கேட்கும் பேச்சு அடிக்கடி வருகிறது. “ஓவன் இல்லாம கேக் வருமாங்க?” என்றும் கேட்கிறீர்கள். நன்றாகவே வரும். கடன் எழுதும் முன் பத்து கேக் வீட்டு அடுப்பிலேயே செய்து பாருங்கள் என்பதுதான் எங்கள் யோசனை.

1883-ல் கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர், மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரர் கொண்டு வந்த சீமைக் கேக்கைப் பார்த்து, உள்ளூர்ப் பொருள் சேர்த்துக் கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்பார்கள். நம் உள்ளூர்ப் பொருள் பப்பாளிக்காய். கடையில் சிவப்பும் பச்சையுமாக விற்கும் டூட்டி ஃப்ரூட்டி பெரும்பாலும் அதுதான்! அரை கிலோ காயைத் தோல், விதை நீக்கி, சின்னச் சதுரமாக நறுக்கி, கண்ணாடி மாதிரி ஆகும்வரை வேகவைத்து வடியுங்கள். 300 கிராம் சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டு, ஒரு இரவு ஊறவைத்து, வடித்து உலர்த்துங்கள். கலர் போடாமல் விட்டாலும் ருசி குறையாது.

கேக்குக்கு மைதா 200 கிராம், பொடித்த சர்க்கரை 150, வெண்ணெய் 120, முட்டை 3, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பால் கொஞ்சம், பழத்துண்டு 75 கிராம். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும்வரை அடிக்க வேண்டும். கை வலிக்கும், ஆனால் கேக் மெத்தென்று வருவது இதில்தான் இருக்கிறது. முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். மைதா போட்ட பிறகு அடிக்காதீர்கள், மெதுவாகக் கலந்தால் போதும். அடித்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். பழம் அடியில் போய்ப் படிகிறதா? மாவு தண்ணியாக இருக்கிறது என்று அர்த்தம். பாலைக் குறைத்து, பழத்தைச் சிறிதாக நறுக்கி, கொஞ்சம் மைதாவில் புரட்டிப் போடுங்கள்.

அடிகனமான பழைய பாத்திரத்தில் ஒரு அங்குலம் உப்பு பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, மூடி 10 நிமிடம் சூடாக்குங்கள். தினம் சமைக்கும் குக்கர் வேண்டாம், தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் கெட்டுப்போகும். பழைய குக்கர் என்றால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். வெண்ணெய் தடவிய டின்னில் முக்கால் அளவுக்கும் கீழே மாவு ஊற்றி, சிறு தீயில் 45 முதல் 50 நிமிடம். அரை மணிக்கு முன்னால் மூடியைத் திறந்தால் நடுவில் அமுங்கிவிடும். ஈர்க்குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

இனி எங்கள் தவறு ஒன்று. ஒரு பயிற்சியில், டீக்கடைக்குச் சீக்கிரம் கொடுக்கணும் என்று சூடு ஆறும் முன்பே கேக்கைக் கவரில் போட்டுக் கட்டச் சொன்னோம். ஆவி உள்ளேயே தண்ணீராக நின்று, மூன்றாம் நாள் பூசணம் பூத்து, எல்லாம் குப்பைக்குப் போனது. போனது உறுப்பினர்களின் சேமிப்புப் பணம். அதனால் தட்டில் கவிழ்த்து, அடி வரைக்கும் நன்றாக ஆறிய பிறகே கட்டுங்கள்.

விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். தயாரித்த தேதியையும் முட்டை சேர்த்திருப்பதையும் கவரில் எழுதுங்கள். கணக்கில் கேஸ் செலவையும் உங்கள் கூலியையும் விடாதீர்கள். “வீட்டு கேஸ்தானே” என்று விட்டால் லாபம் பொய்யாகத் தெரியும். பத்து கேக்கின் கணக்கை நோட்டில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஓவன் கடனை அப்போது உட்கார்ந்து பேசலாம்.